கவர்ன்மென்ட் ஆபீஸ்ல உள் தணிக்கை எப்படிப் பண்றது: புதுசா சீட்டுக்கு வர்றவங்களுக்கு

இண்டர்னல் ஆடிட் செக்‌ஷனுக்கு மாத்தல் ஆகி வர்றவங்கள்ல நிறைய பேர் பண்ற முதல் வேலை, போன வருஷ ரிப்போர்ட்டை எடுத்து தேதியை மாத்தி அதே கேள்வியைத் திரும்பக் கேக்கறதுதான். பில்லுல கையெழுத்து இருக்கா, சீல் இருக்கா, பக்க நம்பர் போட்டிருக்கா, இல்லன்னா ஒரு பாரா (ரிப்போர்ட்ல ஒரு குறையைச் சொல்ற பத்தி) எழுது, முடிஞ்சது. இப்படியே வருஷக்கணக்கா ஓட்டலாம், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஆனா நடுவுல யாராவது பணத்தை அடிச்சுட்டுப் போயிருந்தா அந்த ஃபைல்லதான் கையெழுத்தும் சீலும் பக்காவா இருக்கும், ஏன்னா பேப்பர் சரியா இருக்க வேண்டிய அவசியம் மத்தவங்களை விட அவருக்குத்தான் ஜாஸ்தி. அதனால கையெழுத்து இருக்கான்னு பாக்கறதோட நிறுத்தாதீங்க, அந்தக் கையெழுத்துப் போட்டவர் எதைப் பார்த்துட்டுப் போட்டார்னு கேளுங்க. கீழ சொல்றது எல்லாமே அந்தக் கேள்வியை எங்கெங்க எப்படிக் கேக்கறதுங்கறதுதான்.

யாரோட வேலை எது

இதுல எல்லாருக்கும் ஒரு குழப்பம் இருக்கு. உள் கட்டுப்பாடுன்னாலே, அதாவது தப்பும் மோசடியும் நடக்காம தடுக்க ஆபீஸ் வச்சிருக்கற ஏற்பாடுன்னாலே, ஆடிட் செக்‌ஷன் வேலைன்னு நினைச்சுக்கறாங்க. கட்டுப்பாடு போடறது, நடத்தறது எல்லாம் அந்தந்த செக்‌ஷன் அதிகாரியோட வேலை, மொத்தத்துக்கும் பொறுப்பு ஆபீஸ் தலைவர். அது உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பார்த்துச் சொல்றது மட்டும்தான் உள் தணிக்கை. இதையே 3 வரிசையா பிரிச்சுச் சொல்வாங்க: வேலையைச் செய்யறவங்க முதல் வரிசை, நிதிப்பிரிவு மாதிரி மேல இருந்து கண்காணிக்கறவங்க ரெண்டாவது, உள் தணிக்கை மூணாவது. உலக அளவுல உள் தணிக்கையாளர்களோட அமைப்பான ஐஐஏ இதை 2020ல திருத்தி வெளியிட்டாங்க. நாட்டோட தலைமைத் தணிக்கை ஆபீஸ்ல இருந்து வர்றவங்க வெளித் தணிக்கை, அவங்க இந்த வரிசையில வர மாட்டாங்க.

கட்டுப்பாடுன்னா என்னன்னு ஒரு சட்டகம் வேணும்னா அமெரிக்காவுல கணக்கு, தணிக்கை அமைப்புகள் சேர்ந்து உருவாக்கின கோசோ சட்டகத்தை எடுத்துக்கோங்க, 1992ல வந்தது, 2013ல புதுப்பிச்சாங்க, 5 பகுதி 17 கோட்பாடு. கட்டுப்பாட்டுச் சூழல், ரிஸ்க் மதிப்பீடு, கட்டுப்பாட்டு நடவடிக்கை, தகவல் தொடர்பு, கண்காணிப்பு, இதுதான் அந்த 5. அரசுத்துறைக்குன்னு இன்டோசாய், அதாவது எல்லா நாட்டு தலைமைத் தணிக்கை அமைப்புகளும் சேர்ந்த சங்கம், 2004ல இதையே அடிப்படையா வச்சு தனி வழிகாட்டி போட்டாங்க, அதுல நெறிமுறையோட நடக்கறது, பொதுச்சொத்து வீணாகாம பாதுகாக்கறதுங்கற ரெண்டையும் அழுத்தமா சேர்த்தாங்க. தனியார்ல லாபம் குறைஞ்சா யாராவது ஏன்னு கேப்பாங்க, அரசுல பட்ஜெட் முழுசா செலவானா நல்லா வேலை செஞ்சிருக்காங்கன்னுதான் பேரு, அதனால இந்த ரெண்டையும் தனியா எழுதி வைக்க வேண்டியிருக்கு.

அந்த 5ல முதல்ல இருக்கற சூழல்தான் ரொம்ப கஷ்டம், அதுக்கு செக்‌லிஸ்ட் கிடையாது. தலைவரே வாய்மொழியா ‘பில்லைப் பாஸ் பண்ணுங்க, பேப்பர் அப்புறம் வரும்’னு சொல்ற ஆபீஸ்ல நீங்க எத்தனை ரெஜிஸ்டர் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணையும் முதல்லயே புரிஞ்சுக்கோங்க, எந்தக் கட்டுப்பாடும் நூத்துக்கு நூறு உத்தரவாதம் தராது, நியாயமான அளவுக்குத்தான் தரும்னு அந்த வழிகாட்டிகளே சொல்லுது. ரெண்டு பேர் கூட்டு சேர்ந்துட்டா பிரிச்சு வச்ச வேலையெல்லாம் ஒண்ணாயிடும்.

யார்கிட்ட ரிப்போர்ட் பண்றீங்க

வேலையை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதைப் பேசி முடிச்சுடுங்க. 1977ல லிமால இன்டோசாய் நிறைவேத்தின பிரகடனத்துலயே இருக்கு, உள் தணிக்கைப் பிரிவு அந்தத் துறைத் தலைவருக்குக் கீழ இருந்தாலும் முடிஞ்ச அளவுக்கு சுதந்திரமா இயங்கணும்னு. நடைமுறையில என்ன ஆகுதுன்னா கணக்குப்பிரிவு அதிகாரிக்குக் கீழ ஆடிட்டைப் போட்டுடறாங்க, அப்புறம் அவர் பாஸ் பண்ண பில்லை நீங்க தணிக்கை பண்ணி அவர்கிட்டயே கொடுக்கணும், அதை வச்சு அவரே உங்களுக்கு மதிப்பீடு எழுதுவார். இது தேறாது. தலைவர்கிட்ட நேரா போகணும், தணிக்கையை மேற்பார்வை பண்ற ஆடிட் கமிட்டி இருந்தா அங்கயும் போகற வழி இருக்கணும், எந்த ஃபைலையும் எந்தக் கம்ப்யூட்டர் தகவலையும் கேட்டா கொடுக்கணும்னு எழுத்துல இருக்கணும். அந்தக் காகிதத்துக்கு தணிக்கை சாசனம்னு பேரு. ரெண்டு பக்கம் போதும், ஆனா தலைவர் கையெழுத்தோட எல்லா செக்‌ஷனுக்கும் சுற்றறிக்கையா போயிருக்கணும், உங்க பீரோவுக்குள்ள இருந்தா அது சாசனம் கிடையாது.

இதோட ஒட்டின இன்னொரு பிரச்சனை, பில் பட்டுவாடாவுக்கு முன்னாடி ஆடிட் செக்‌ஷன் ஒரு டிக் போடணும்னு பழக்கம் வச்சிருக்கற ஆபீஸ்கள். பாக்க நல்லா பாதுகாப்பா தெரியும். ஆனா நீங்க டிக் போட்ட பில்லை நாளைக்கு நீங்களே எப்படி தணிக்கை பண்ணுவீங்க? அதுக்கும் மேல, கணக்கு செக்‌ஷன்ல இருக்கறவர் ‘ஆடிட் பாத்துக்கும்’னு கண்ணை மூடிட்டு அனுப்ப ஆரம்பிச்சுடுவார், நீங்க ‘கணக்கு பாத்திருக்கும்’னு டிக் போடுவீங்க, கடைசியில யாருமே பாத்திருக்க மாட்டாங்க. முன் சரிபார்ப்பு வேணும்னா அது கணக்குப்பிரிவோட வேலையா இருக்கட்டும். உங்க தலையில கட்டியிருந்தா தலைவர்கிட்ட எழுதிக் கேட்டு கொஞ்சம் கொஞ்சமா கழட்டிக்கோங்க.

எங்க ஆரம்பிக்கறது

எல்லாத்தையும் தணிக்கை பண்ண ஆள் பத்தாது, எந்த ஆபீஸ்லயும் பத்தினதில்ல. அதனால முதல்ல ஆபீஸ்ல என்னென்ன நடக்குதுன்னு ஒரு பட்டியல் போடுங்க: சம்பளம், கொள்முதல், ஒப்பந்த வேலை, வசூல், மானியம், ஸ்டோர், வாகனம், முன்பணம், டெபாசிட், கம்ப்யூட்டர் சிஸ்டம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ரெண்டு விஷயம் எழுதுங்க, தப்பு நடந்தா எவ்வளவு அடி விழும், நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கு. வாய்ப்பை எப்படிக் கணிக்கறதுன்னா, ரொக்கம் கை மாறுதா, ஒரே ஆள் ரொம்ப நாளா அதே சீட்டுல இருக்காரா, சமீபத்துல ஆளோ விதியோ சாஃப்ட்வேரோ மாறுச்சா, பழைய பாரா தீராம கிடக்கா, புகார் வந்திருக்கா. இதுல ரெண்டு மூணுக்கு ஆமான்னு வந்தா அதை வருஷத் திட்டத்துல மேல போடுங்க. வெறும் தொகையை மட்டும் பார்த்தா சம்பளம்தான் எப்பவும் முதல்ல வரும், சின்ன வசூல் கவுண்டர் வரவே வராது, பணம் ஒழுகறது பல நேரம் அங்கதான்.

ஒரு பகுதியை எடுத்தாச்சுன்னா விதிப்புத்தகத்தைப் படிச்சுட்டு நேரா சீட்டுக்குப் போங்க. முடிஞ்சு போன ஒரே ஒரு பரிவர்த்தனையை கையில வச்சுக்கிட்டு அது பிறந்ததுல இருந்து கணக்குல ஏறின வரைக்கும் நடந்து பாருங்க, ஒவ்வொரு மேஜையிலயும் ‘இது வந்ததும் நீங்க என்ன பண்ணுவீங்க, எதோட ஒப்பிட்டுப் பார்ப்பீங்க, ஒத்துப் போகலன்னா யார்கிட்ட போவீங்க’ன்னு கேளுங்க. குறுக்கு விசாரணை மாதிரி கேக்காதீங்க, வேலையைக் கத்துக்க வந்த ஆள் மாதிரி கேளுங்க, நிறைய சொல்வாங்க. ‘விதி அப்படி, ஆனா நாங்க இப்படித்தான் பண்றோம்’ங்கற வாக்கியம் எங்க வருதோ அங்க பேனாவை எடுங்க. சில நேரம் விதிதான் நடக்காத விதியா இருக்கும், அப்ப விதியை மாத்தச் சொல்லி எழுதறதும் உங்க வேலைதான்.

ஒரே ஆள் கையில எல்லாம் இருக்கா

நடந்து பாக்கும்போது நாலு வேலை யார் யார்கிட்ட இருக்குன்னு குறிச்சுக்கோங்க: அனுமதி கொடுக்கறது, பணத்தையோ பொருளையோ கையில வச்சிருக்கறது, கணக்குல எழுதறது, அப்புறம் சரிபார்க்கறது. இதுல ரெண்டு ஒரே ஆள்கிட்ட இருந்தா கவனிக்கணும், மூணு இருந்தா அன்னைக்கே சொல்லணும்.

இதுக்கு அமெரிக்காவுல டிக்சன்ங்கற ஊரோட கதையை விட நல்ல உதாரணம் கிடையாது. இல்லினாய்ஸ் மாநிலத்துல இருக்கற சின்ன ஊர், ஜனத்தொகை கிட்டத்தட்ட 16,000. அங்க நகராட்சி நிதிப் பொறுப்புல 1983ல இருந்து இருந்தவங்க ரீட்டா கிரண்ட்வெல். 1990ல நகராட்சி பேர்லயே யாருக்கும் தெரியாம ஒரு பேங்க் கணக்கை ஆரம்பிச்சு, மாநில அரசுக்குக் கட்ட வேண்டிய தொகைன்னு போலி இன்வாய்ஸ் தயார் பண்ணி, நகராட்சிப் பணத்தை அதுல மாத்தி, அங்க இருந்து சொந்தச் செலவுக்கு எடுத்தாங்க, குதிரைப் பண்ணை வரைக்கும். 2012ல கைதாகற வரைக்கும் போனது 5.3 கோடி டாலருக்கும் மேல. வருஷா வருஷம் வெளியில இருந்து தணிக்கை நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு, அது வேற. பேங்க் கணக்கு, பேமெண்ட், கணக்கு எழுதறது எல்லாம் அவங்க ஒருத்தர் கையில, பேங்க் ஸ்டேட்மெண்ட் வர்ற தபால் கூட அவங்க கைக்குத்தான் போகும். எப்படி மாட்டினாங்கன்னா, 2011ல அவங்க நீண்ட லீவுல போனப்ப அந்த வேலையைப் பார்த்த இன்னொரு ஊழியர் பேங்க்ல எல்லா ஸ்டேட்மெண்டையும் கேட்டு வாங்கினாங்க, அதுல தெரியாத ஒரு கணக்கு இருந்துச்சு, மேயர்கிட்ட காட்டினாங்க, அவர் எஃப்பிஐக்குப் போனார். 2013ல 19 வருஷம் 7 மாசம் தண்டனை.

இதுல இருந்து உங்க செக்லிஸ்ட்ல ஏத்த வேண்டியது ரெண்டு. ஒண்ணு, பணம் தொடற சீட்டுல இருக்கறவங்க வருஷத்துல சேர்ந்தாப்ல சில நாள் கட்டாயம் லீவு போடணும், அப்ப வேற ஆள் அந்த வேலையை நிஜமாவே செய்யணும், பெண்டிங் வச்சுட்டு வந்து பாத்துக்கலாம்னு விடக்கூடாது. லீவே எடுக்காத ஊழியரை ரொம்ப விசுவாசமானவர்னு எல்லாரும் சொல்வாங்க, இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருப்பாங்க, ஆனா நீங்க அந்தச் சீட்டைப் பாத்துடுங்க. ரெண்டு, ஆபீஸ் பேர்ல என்னென்ன கணக்கு இருக்குன்னு ஆபீஸ்ல கேக்காதீங்க, தலைவர் கையெழுத்துல பேங்க்குக்கே கடிதம் எழுதி பதிலை நேரா உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க.

மூணே பேர் இருக்கற ஆபீஸ்ல எப்படிப் பிரிக்கறதுன்னு கேப்பீங்க. பிரிக்க முடியாது, சரி, அப்ப அதுக்கு ஈடா தலைவரே பேங்க் ஸ்டேட்மெண்டை கவர் பிரிக்காம வாங்கி முதல்ல ஒரு ஓட்டம் பார்க்கணும். மாசத்துக்கு ஒரு தடவை பண்ற வேலை இது, பாதிப் பயத்தை இதுவே கொண்டுவந்துடும்.

சோதிச்சுப் பாக்கறது

பேங்க் ரீகன்சிலியேஷன்ல, அதாவது கேஷ் புக்கையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கறதுல, எல்லாரும் அடியில வித்தியாசம் பூஜ்யமான்னு பார்ப்பாங்க. நடுவுல இருக்கற வரிகளைப் பாருங்க. ‘கேஷ் புக்ல வரவு, பேங்க்ல இன்னும் ஏறலை’ங்கற பட்டியல்ல ஒரு தொகை மாசக்கணக்கா உக்காந்திருக்குன்னா அந்தப் பணம் எங்க? அன்னைக்கு வசூலான ரொக்கம் அடுத்த வேலை நாள்ல பேங்க்ல இருக்கணும், மூணு நாள் நாலு நாள் தள்ளித் தள்ளி கட்டியிருந்தா இன்னைக்கு வசூலை எடுத்து முந்தாநாள் ஓட்டையை அடைக்கறாங்களோன்னு சந்தேகப்படுங்க. பேங்க் சலான் நகல்ல தேதியைப் பார்க்காதீங்க, ஸ்டேட்மெண்ட்ல தேதியைப் பாருங்க.

ரசீது புக்கை கடைசியில இருந்து ஆரம்பிங்க. அச்சகத்துல இருந்து எத்தனை புக் வந்துச்சு, எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும், யாருக்கு எப்ப கொடுத்தாங்க, தீர்ந்த புக் திரும்பி வந்துச்சா, காலியா இருக்கறது பீரோவுல நிஜமா இருக்கான்னு எண்ணுங்க. ரத்துன்னு போட்ட ரசீதுக்கு மூலப்பிரதி உள்ளேயே ஒட்டியிருக்கணும். மூலம் இல்லாம ரத்துன்னா பணம் கட்டினவர் கையில அந்த ரசீது இருக்குன்னு அர்த்தம்.

ஸ்டோர்ல ரெண்டு பக்கமும் போங்க. ரெஜிஸ்டர்ல இருந்து பத்து ஐட்டம் எடுத்து ரேக்ல தேடினா இல்லாத பொருள் தெரியும், ரேக்ல இருந்து பத்து எடுத்து ரெஜிஸ்டர்ல தேடினா எழுதாத பொருள் தெரியும். முதலாவதை மட்டும் பண்ணிட்டு வர்றவங்கதான் அதிகம். அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தா ஒண்ணு ரெண்டைத் திறக்கச் சொல்லுங்க, பின் வரிசையில இருந்து.

சம்பளத்துல பேய் ஊழியர், அதாவது நிஜத்துல இல்லாம பேர்ல மட்டும் சம்பளம் வாங்கறவங்க, இருக்காங்களான்னு பாக்க சுலபமான வழி, சம்பளப் பட்டியல்ல ஒரே பேங்க் கணக்கு நம்பர் ரெண்டு பேருக்கு இருக்கான்னு சார்ட் பண்ணிப் பாக்கறது. அடுத்து ரிட்டையர் ஆனவங்க, இறந்தவங்க பட்டியலோட ஒப்பிடுங்க. தற்காலிகப் பணியாளர் இருக்கற இடத்துக்கு சொல்லாம போய் தலையை எண்ணுங்க.

கொள்முதல்ல வரம்பை ஒட்டி எவ்வளவு பில் குவிஞ்சிருக்குன்னு பாருங்க. 50,000க்கு மேல போனா டெண்டர்னு விதி இருக்குன்னு வச்சுக்குவோம், 49,000, 49,500, 48,900ன்னு ஒரே சப்ளையருக்கு ஒரே வாரத்துல மூணு பில் இருந்தா கொள்முதலை உடைச்சிருக்காங்க. பெரிய டேட்டாவா இருந்தா பென்ஃபோர்ட் விதியையும் போட்டுப் பாக்கலாம், இயல்பா வர்ற தொகைகள்ல 1ல ஆரம்பிக்கறது சுமார் 30 சதவீதம், 9ல ஆரம்பிக்கறது 5 சதவீதத்துக்கும் கீழ இருக்கும், உங்க பில்லுல 4 மட்டும் தூக்கலா நின்னா அங்க தோண்டுங்க. ஆனா இது குற்றத்துக்கு சாட்சி கிடையாது, நிர்ணயிச்ச கட்டணம் மாதிரி தொகைக்கெல்லாம் இந்த விதியே பொருந்தாது, எங்க பாக்கணும்னு விரல் காட்டும், அவ்வளவுதான். மூணு கொட்டேஷன் இருக்குன்னா மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒரே எழுத்துப்பிழை மூணுலயும் இருக்கறதை நீங்களே பிடிப்பீங்க.

கம்ப்யூட்டர் சிஸ்டம்ல பாஸ்வேர்டு யார் கையில இருக்குன்னுதான் மொத்த விஷயமும். விதிப்படி பில் போடறவர் ஒருத்தர், பாஸ் பண்றவர் இன்னொருத்தர். நிஜத்துல அதிகாரியோட பாஸ்வேர்டு கிளார்க் மேஜை கண்ணாடிக்கு அடியில இருக்கும். யார் ஐடியில எப்ப என்ன நடந்துச்சுன்னு சிஸ்டம் வச்சிருக்கற பதிவை எடுத்து, அதிகாரி டூர்ல இருந்த நாள்ல, மீட்டிங்ல இருந்த நேரத்துல அவர் ஐடியில எத்தனை பில் பாஸ் ஆகியிருக்குன்னு பாருங்க. மாத்தல் ஆகிப் போனவங்க ஐடி இன்னும் உயிரோட இருக்கான்னும் பாருங்க.

இவ்வளவு பண்ணியும் உங்களுக்குத் தெரியாம போறது இருக்கும். மோசடித் தணிக்கையாளர்கள் சங்கமான ஏசிஎஃப்இ 2024ல வெளியிட்ட உலக ஆய்வுல, மாட்டின மோசடிகள்ல 43 சதவீதம் யாரோ கொடுத்த துப்பாலதான் வெளிய வந்திருக்கு, உள் தணிக்கை கண்டுபிடிச்சது 14 சதவீதம். அதனால பேர் சொல்லாம புகார் கொடுக்க ஒரு வழி இருக்கான்னு பாக்கறதும் தணிக்கையோட பகுதிதான். புகார்ப் பெட்டி சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க, புகார் யார் மேல வருமோ அவர்கிட்டயே இருந்தா அதை ஒரு பாராவா எழுதுங்க.

எழுதறது

கண்டுபிடிச்சதை எழுதறதுல 5 விஷயம் இருக்கணும்: எப்படி இருக்கணும், எப்படி இருக்கு, ஏன் அப்படி ஆச்சு, அதனால என்ன நட்டம், என்ன பண்ணணும். ‘ஏன்’ங்கறதை நிறைய பேர் விட்டுடறாங்க. ‘ஸ்டாக் ரெஜிஸ்டர் முறையாகப் பராமரிக்கப்படவில்லை, இனிவரும் காலங்களில் பராமரிக்க அறிவுறுத்தப்படுகிறது’ன்னு எழுதினா ‘குறிப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது’ன்னு பதில் வரும், அடுத்த வருஷமும் அதேதான். அதையே இப்படி எழுதுங்க: ‘ஸ்டோர் கீப்பர் பணியிடம் காலியாக உள்ளதால் டெலிவரி வாங்கும் உதவியாளரே ரெஜிஸ்டரிலும் பதிவு செய்கிறார். சோதித்த 20 பொருட்களில் 6 குறைவாக உள்ளன. பதிவு செய்யும் வேலையை வேறு பிரிவுக்கு இம்மாத இறுதிக்குள் மாற்ற வேண்டும். பொறுப்பு: நிர்வாகப் பிரிவு அதிகாரி.’ இதுக்கு குறிப்பு எடுத்துக்கொள்ளப்பட்டதுன்னு பதில் போட முடியாது.

ரிப்போர்ட் போடறதுக்கு முன்னாடி சம்பந்தப்பட்டவங்களோட உக்காந்து பேசுங்க, உங்ககிட்ட இல்லாத ஒரு வவுச்சர் அவங்ககிட்ட இருக்கலாம். அவங்க பதிலை அப்படியே ரிப்போர்ட்ல சேருங்க, ஒத்துக்கலன்னாலும். ஆனா மோசடி வாசனை அடிச்சா இந்தப் பேச்சே கூடாது, மூலப்பிரதியைப் பாதுகாத்துட்டு நேரா தலைவர்கிட்ட போங்க, தலைவர் மேலயே சந்தேகம்னா கமிட்டிக்கோ மேல் துறைக்கோ. அங்க விசாரணைக்காரர் வேலை ஆரம்பிக்குது, நீங்க வாக்குமூலம் வாங்கறேன்னு இறங்கினா கேஸ் கெட்டுப்போயிடும்.

பாரா எண்ணிக்கையைப் பெருசா காட்டணும்னு நூறு சின்னக் குறையைச் சேர்க்காதீங்க. தலைவர் முதல் பக்கம்தான் படிப்பார், பெரிய விஷயம் மூணு நாலு அங்க இருக்கணும். ஒவ்வொரு பாராவுக்கும் ஆதாரம் உங்க வேலைத்தாள்ல, அதாவது தணிக்கை பண்ணும்போது நீங்க எழுதி வைக்கற குறிப்புல, எந்த வவுச்சர், எந்தத் தேதி, யார் காட்டினாங்கன்னு இருக்கணும், நாளைக்கு நீங்க மாத்தல் ஆகிப் போனாலும் அடுத்தவர் படிச்சு அதே முடிவுக்கு வரணும்.

ஃபாலோ அப்

ஒரு ரெஜிஸ்டர் போடுங்க, எக்செல் போதும்: பாரா, பொறுப்பு, கெடு, பதில், நீங்க நேர்ல பார்த்த தேதி. அந்தக் கடைசிக் கட்டம், நேர்ல பார்த்த தேதி, அதுதான் முக்கியம். பதில் வந்துடுச்சுன்னு பாராவை முடிக்கக்கூடாது, சொன்ன மாற்றம் நடந்து ஒரு மாசமாவது ஓடினதுக்கு அப்புறம் போய் ரெண்டு மூணு சாம்பிள் பார்த்துட்டு முடிங்க. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ன்னு ஒரே பாராவுக்கு ரெண்டாவது தடவை வந்தா அதை பதில்னு எடுத்துக்காம நிலுவைன்னே காட்டி, எத்தனை மாசமா நிலுவைன்னு தலைவருக்குப் போற காலாண்டு அறிக்கையில போடுங்க. சில நேரம் தலைவரே ‘தெரியும், ஆள் இல்ல, இப்படியே ஓடட்டும்’பார். அது அவர் முடிவு, எடுக்கற அதிகாரம் அவருக்கு இருக்கு, ஆனா அந்த ரிஸ்க்கை தெரிஞ்சே ஏத்துக்கிட்டேன்னு ஃபைல்ல அவர் கைப்பட ஒரு வரி எழுதி தேதி போடச் சொல்லுங்க. அந்த ரிஸ்க் ஆபீஸ் தாங்கற அளவைத் தாண்டினதுன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா அந்த ஃபைலோட நகலை கமிட்டிக்கு வச்சுடுங்க. பேனாவை எடுத்ததும் நிறைய தலைவர்கள், சரி, ஆள் எங்க இருந்து எடுக்கலாம்னு கேக்க ஆரம்பிச்சுடறாங்க.